கோலம் போட்ட இலைகளும் மதுரைத் தண்ணீரும்

என் முதல் கலாத்தியாவை ஒரு வைகாசி மாதத்தில் வாங்கினேன். அதுவே முதல் தப்பு. முட்டை வடிவ இலை, நடு நரம்பிலிருந்து இரு பக்கமும் கரும்பச்சைத் தீற்றல்கள், திருப்பிப் பார்த்தால் அடிப்பக்கம் முழுக்கக் கத்தரிக்காய் நிறம். "அக்கா, இது ஏசி செடிக்கா. வெளிய வச்சா கருகிரும்" என்று நர்சரித் தம்பி சொல்லித்தான் கொடுத்தார். நான் கேட்டால்தானே? வராந்தாவில் வைத்து, பக்கெட்டில் பிடித்திருந்த தண்ணீரை நாள் தவறாமல் ஊற்றினேன். பத்தாம் நாள் இலை ஓரம் பொரித்த அப்பளம் மாதிரி சுருண்டது. ஆனி பிறந்தபோது தொட்டியில் ஐந்து காம்பு மட்டும் நின்றது.

அதற்கப்புறம் கலாத்தியா, மராந்தா, அக்லோனிமா, ஃபிட்டோனியா, கலாடியம் என்று வீட்டுக்குள் அழகுக்கு வளர்க்கும் வண்ண இலைச் செடிகள் இருபதுக்கு மேல் வளர்த்தாயிற்று. ஏழெட்டைக் கொன்றும் ஆயிற்று. எங்கள் வீடு திருநகர்ப் பக்கம், போர் தண்ணீர், மேற்குப் பார்த்த வாசல். உங்கள் வீடு வேறு மாதிரி இருக்கலாம். ஆனால் வெயிலும் காற்றும் தண்ணீரும் மதுரைக்காரர்கள் எல்லாருக்கும் ஏறக்குறைய ஒன்றுதான்.

நாம் எல்லாரும் செய்யும் தப்புக் கணக்கு ஒன்று உண்டு. இது வெப்ப நாட்டுச் செடி, நம்ம ஊரும் வெப்பம், அதனால் தானாக வளரும் என்று நினைக்கிறோம். கலாத்தியாவின் பூர்வீகம் தென் அமெரிக்க மழைக்காடு. பெரிய மரங்களின் காலடியில், வடிகட்டிய வெளிச்சத்தில், எப்போதும் ஈரக்காற்றில் வளர்ந்தது. மதுரையில் வெக்கை உண்டு, அந்த ஈரம் கிடையாது. தென்மேற்குப் பருவமழை மலைக்கு அந்தப் பக்கம் கொட்டித் தீர்த்துவிட்டு, நமக்கு வெறும் காற்றைத்தான் அனுப்புகிறது. காற்று உண்மையிலேயே ஈரமாக இருப்பது ஐப்பசி, கார்த்திகை, மார்கழி மூன்று மாதம். முன்னூறு ரூபாய் கொடுத்து ஒரு ஈரப்பதமானி வாங்கிக் கூடத்தில் மாட்டினேன். சித்திரை மதியம் மூன்று மணிக்கு 34 சதவீதம் காட்டியது. ஐப்பசி அடைமழையில் அதே மீட்டர் 88. இந்தச் செடிகளுக்கு 60க்கு மேல் இருந்தால் நிம்மதி. மீதியெல்லாம் இந்தக் கணக்கை ஒட்டித்தான்.

முதலில் எந்தச் செடி?

அக்லோனிமாவில் தொடங்குங்கள். கலாத்தியாவில் வேண்டாம். ஆசையாக இருக்கும், தெரியும். இருந்தாலும் ஒரு வருடம் பொறுங்கள்.

அக்லோனிமா தென்கிழக்கு ஆசியக்காரர். தண்டும் தடிமன், இலையும் தடிமன். சிவப்பு, ரோஜா நிறம், வெள்ளிப் புள்ளி என்று விதவிதமாகக் கிடைக்கிறது. ரெண்டு நாள் தண்ணீர் மறந்தாலும் கோபித்துக்கொள்ளாது. சித்திரை வெக்கையை நிழலில் தாங்கிவிடும். அது ஒரு கோடையைத் தாண்டி உயிரோடு நின்றால், அடுத்தது மராந்தா. அப்புறம் கலாத்தியாவில் 'ராட்டில்ஸ்நேக்' என்று விற்கும் நீள இலைக்காரி. ஓரம் அலை அலையாக, இலை நெடுகப் பெரிதும் சிறிதுமாகப் புள்ளிகள். இந்தக் கூட்டத்தில் ஓரளவு தாக்குப்பிடிப்பது அவள்தான். தட்டு மாதிரி அகல இலையுள்ள ஆர்பிஃபோலியாவையும், வெள்ளை விரவிய வகைகளையும் மூன்றாம் வருடம் பார்த்துக்கொள்ளலாம். இலையின் வெள்ளைப் பகுதியில் பச்சையம் இல்லை. அந்தச் செடி பாதிச் சமையலறையை வைத்துக்கொண்டு முழுக் குடும்பத்துக்கும் சோறு போடுகிறது. சின்னக் குறைக்கும் சாய்ந்துவிடும்.

2012க்குப் பிறகு தாவரவியலாளர்கள் கலாத்தியாவில் பெரும்பாலானவற்றை 'கோப்பெர்ட்டியா' என்ற பேரினத்துக்கு மாற்றிவிட்டார்கள். சீட்டில் அப்படி எழுதியிருந்தால் வேறு செடி என்று நினைத்து இன்னொரு முறை வாங்கிவிடாதீர்கள். நான் வாங்கினேன்.

கலாத்தியா, மராந்தா குடும்பம் நமக்கு ஒன்றும் அந்நியம் இல்லை. கஞ்சி மாவுக்கு எடுக்கும் கூவைக்கிழங்கு மராந்தாவின் நேர் உடன்பிறப்பு. மஞ்சள், இஞ்சி, வாழை, கல்வாழை எல்லாம் தூரத்துச் சொந்தம். புதுக் குருத்து வாழைக்குருத்து மாதிரி சுருண்டு வருவதைப் பார்த்தாலே உறவு தெரிந்துவிடும்.

வீட்டில் தவழும் குழந்தையோ பூனையோ இருந்தால் ஒன்றைக் கவனியுங்கள். அக்லோனிமா, டிஃபன்பேச்சியா, கலாடியம் மூன்றும் சேனை, சேம்பு வகையறா. சேனைக்கிழங்கு நறுக்கும்போது கை அரிக்கிறதே, அதே ஊசிப் படிகங்கள் இந்த இலைகளிலும் இருக்கின்றன. கடித்தால் வாயும் நாக்கும் எரிந்து வீங்கும். கைக்கு எட்டாத உயரத்தில் வையுங்கள். கலாத்தியா, மராந்தாவில் இந்தத் தொல்லை இல்லை.

கொடைக்கானல் போய்விட்டுத் திரும்பும்போது வழியில் அழகழகான பெகோனியா தொட்டிகளைப் பார்த்து வாங்கத் தோன்றும். கொடைக்கானல் சுமார் 2,100 மீட்டர் உயரம். அந்தக் குளிரில் செழித்த செடியை அன்று சாயங்காலமே மதுரையில் இறக்கினால் பாவம், அது என்ன செய்யும்? போட்டோ எடுத்துக்கொண்டு வந்துவிடுங்கள்.

எப்போது வாங்குவது, எப்படிக் கொண்டுவருவது

ஆவணி கடைசி, புரட்டாசி வாக்கில் வாங்குங்கள். மழைக்காலம் முழுக்க வேர் பிடித்து, மாசி பங்குனிக்குள் செடி உடம்பு தேறிவிடும். பங்குனிக்குப் பிறகு எவ்வளவு தள்ளுபடி போட்டாலும் வாங்காதீர்கள்.

நர்சரியில் பூத்துக் குலுங்கும் செடியை விட்டுவிட்டு, புதுக் குருத்து வந்துகொண்டிருக்கும் செடியாக எடுங்கள். இலையைத் திருப்பிப் பாருங்கள். அடியில் வெள்ளைப் பஞ்சு, மெல்லிய நூலாம்படை, தூசி மாதிரி நகரும் புள்ளி இருந்தால் வேண்டாம். தொட்டியை லேசாக ஆட்டும்போது செடி மட்டும் தனியாக ஆடினால் வேர் சரியில்லை.

பைக்கில் முன்னால் வைத்துக்கொண்டு வராதீர்கள். அரை மணி நேர எதிர்காற்று, ஒரு வாரத் தாகத்துக்குச் சமம். வேறு வழியில்லை என்றால் நியூஸ்பேப்பரைக் கூம்பாகச் சுற்றி, இருட்டிய பிறகு கொண்டுவாருங்கள். வந்ததும் தொட்டி மாற்றும் ஆசையை அடக்கிக்கொண்டு, மற்ற செடிகளை விட்டுத் தள்ளி இரண்டு வாரம் தனியாக வையுங்கள். பூச்சி ஏதாவது கூடவே வந்திருந்தால் அதற்குள் தெரிந்துவிடும். ஒன்றிரண்டு இலை பழுக்கும். இடம் மாறிய சோர்வு அது, பயப்பட வேண்டாம்.

எந்த ஜன்னல்?

வெளிநாட்டுக் குறிப்புகளை நம்பி ஏமாறுவது பெரும்பாலும் இங்கேதான். வடக்கு ஜன்னல் நிழல், தெற்கு ஜன்னல் வெயில் என்று எழுதியிருப்பார்கள். அவர்கள் ஊருக்கு அது சரி. மதுரை, பூமத்திய ரேகைக்கு வடக்கே ஏறத்தாழ 10 டிகிரியில் இருக்கிறது. ஏப்ரல் நடுவிலும் ஆகஸ்ட் கடைசியிலும் நடுப்பகல் சூரியன் நம் தலைக்கு நேர் மேலே வரும். அந்த இரண்டுக்கும் நடுவில் உள்ள நாலு மாதம், மதியச் சூரியன் உச்சிக்கு வடக்கே நிற்கிறது. ஆகவே வைகாசி, ஆனியில் காலையிலும் சாயங்காலமும் வடக்கு ஜன்னல் வழியாகத்தான் வெயில் சாய்ந்து உள்ளே வரும். ஐப்பசியிலிருந்து மாசி வரை தெற்கு ஜன்னலின் முறை.

எங்கள் வீட்டு வடக்கு ஜன்னலில் மராந்தாவை நிம்மதியாக விட்டுவிட்டு, ஆனி மாதம் ஊருக்குப் போய் நாலு நாள் கழித்து வந்தேன். ஜன்னல் கம்பியின் நிழல் விழாத இடமெல்லாம் இலை வெளுத்து, கம்பி நிழல் விழுந்த இடம் மட்டும் பச்சைக் கோடாக இருந்தது. யாரோ ஸ்கேல் வைத்துக் கோடு போட்ட மாதிரி.

மேற்கு ஜன்னல் வேண்டவே வேண்டாம். வருடம் முழுக்க நம்பக்கூடியது கிழக்கு ஜன்னல், அதுவும் உள்ளே மூன்றடி தள்ளி. காலை எட்டு மணிக்குள் வரும் இளவெயில் லேசாகப் பட்டால் பாதகமில்லை. இடம் சரியா என்று பார்க்க, காலை பதினொரு மணிக்கு அந்த இடத்தில் ஒரு வெள்ளைத் தாளை விரித்து, அரையடி உயரத்தில் கையை நீட்டுங்கள். நிழல் விளிம்பு மங்கலாக, ஆனால் கை என்று தெரிகிற மாதிரி விழுந்தால் கச்சிதம். கத்தரித்த மாதிரி கூர்மையாக விழுந்தால் வெயில் அதிகம். நிழலே விழவில்லை என்றால் இருட்டு. இருட்டில் வைத்தால் சிவப்பு அக்லோனிமா மெல்ல மெல்லப் பச்சையாகிவிடும். வெளிச்சம் அதிகமானால் கலாத்தியாவின் கோலம் வெளுத்துவிடும்.

பழைய வீட்டில் முற்றம் இருந்தால் யோகம்தான். முற்றத்தைச் சுற்றிய தாழ்வாரத்தின் உள்பக்கச் சுவர் ஓரம் இந்தச் செடிகளுக்கென்றே கட்டின இடம். அடுக்குமாடி பால்கனி என்றால் 75 சதவீத நிழல்வலை இரண்டு மடிப்பாகக் கட்டாமல் கலாத்தியாவை வெளியே வைக்காதீர்கள்.

தண்ணீர்: இங்கேதான் பாதிச் செடி சாகிறது

என் முதல் செடியைக் கொன்றது வெயில் என்று ரொம்ப நாள் நினைத்துக்கொண்டிருந்தேன். வெயிலுக்கும் பங்கு உண்டு. முக்கியக் குற்றவாளி அந்த பக்கெட். அதில் நான் பிடித்து வைத்திருந்தது ஆர்ஓ மெஷினின் கழிவுத் தண்ணீர். வீணாகப் போகிறதே, செடிக்கு ஊற்றலாமே என்ற நல்லெண்ணம்தான். ஆனால் ஆர்ஓ என்ன செய்கிறது? உப்பை எல்லாம் வடிகட்டி ஒரு பக்கம் ஒதுக்கி, அந்தப் பக்கத் தண்ணீரோடு வெளியே தள்ளுகிறது. போர் தண்ணீரைவிட அதிக உப்பான தண்ணீரை, உப்பே ஆகாத செடிக்கு, தினமும் நானே ஊற்றியிருக்கிறேன்.

தண்ணீரில் கரைந்திருக்கும் உப்பை அளக்க, பேனா மாதிரி ஒரு டிடிஎஸ் மீட்டர் சில நூறு ரூபாய்க்குக் கிடைக்கும். வாங்கி, வீட்டில் உள்ள எல்லாத் தண்ணீரிலும் முக்கிப் பார்த்தேன். போர் தண்ணீர் லிட்டருக்கு 1,400 மில்லிகிராம். ஆர்ஓ கழிவு 2,000ஐத் தாண்டியது. கார்ப்பரேஷன் குழாய் 180. ஆர்ஓ குடிதண்ணீர் 60. ஏசியிலிருந்து சொட்டும் தண்ணீர் 20க்குள். உங்கள் தெருவில் எண்கள் மாறும், வரிசை பெரும்பாலும் மாறாது. குடிநீருக்கான இந்தியத் தர நிர்ணயம் 500 வரை ஏற்கத்தக்கது என்கிறது. நாம் குடிக்கலாம், கலாத்தியா குடிக்காது. அதற்கு 200க்குக் கீழே இருந்தால் நல்லது. அக்லோனிமா இதிலும் கொஞ்சம் பரவாயில்லை ரகம்.

உப்பு எப்படிக் கொல்கிறது என்பதைக் கண்ணாலேயே பார்க்கலாம். மண் தொட்டியில் போர் தண்ணீர் ஊற்றி வந்தால் மூன்று மாதத்தில் வெளிச்சுவரில் வெள்ளையாகப் பூக்கும். விரலால் தொட்டு நாக்கில் வைத்தால் கரிக்கும். அதே உப்பு தொட்டி மண்ணிலும் சேர்கிறது. வேர் உறிஞ்சும் தண்ணீரோடு இலைக்கு ஏறி, இலை நுனியில் தண்ணீர் ஆவியாகிப் போக, உப்பு அங்கேயே தங்குகிறது. முதலில் நுனி மட்டும் பழுப்பு. அப்புறம் ஓரம் நெடுக ஒரு பழுப்புக் கரை, அதற்கு உள்ளே மெல்லிய மஞ்சள் கோடு, வேட்டிக் கரை மாதிரி. அந்த மஞ்சள் கோட்டைப் பார்த்தால் தண்ணீரைச் சந்தேகப்படுங்கள்.

சரி, என்ன ஊற்றுவது?

மழைத் தண்ணீருக்கு ஈடு எதுவும் இல்லை. 2003இல் தமிழ்நாட்டில் எல்லாக் கட்டடங்களுக்கும் மழைநீர் சேகரிப்பு கட்டாயமானபோது போட்ட குழாய் நிறைய வீடுகளில் இன்னும் இருக்கிறது. முதல் மழை மொட்டைமாடித் தூசியைக் கழுவிப் போகட்டும். இரண்டாவது மழையிலிருந்து ஒரு டிரம்மில் பிடித்து, பழைய வேட்டித் துணியால் இறுக்கிக் கட்டுங்கள். துணி முக்கியம், டெங்கு கொசு நல்ல தண்ணீரில்தான் முட்டையிடும். பத்துப் பதினைந்து சின்னத் தொட்டிகளுக்கு 200 லிட்டர் டிரம் ஒன்று மாசி வரை ஓடும்.

கோடைக்கு ஏசித் தண்ணீர். ஏசி ஓடும் மாதமும் செடிக்குத் தண்ணீர் தேவைப்படும் மாதமும் ஒன்றாக அமைந்தது நம் அதிர்ஷ்டம். வெளிக்குழாயின் கீழே ஒரு பக்கெட் வைத்தால் போதும். ஏசி சர்வீஸ் செய்த மறுநாள் தண்ணீரை மட்டும் கொட்டிவிடுங்கள், கழுவிய மருந்து கலந்திருக்கும். ஏசி இல்லையென்றால் கார்ப்பரேஷன் தண்ணீரை ஒரு இரவு திறந்து வைத்து ஊற்றலாம். குளோரின் கொஞ்சம் போகும். ஆனால் திறந்து வைத்தாலோ கொதிக்க வைத்து ஆற்றினாலோ போர் தண்ணீரின் உப்பு போய்விடாது. போர் ஒன்றுதான் கதி என்றால் அதில் பாதி, ஆர்ஓ குடிதண்ணீர் பாதி கலந்து, அக்லோனிமாவோடு நிறுத்திக்கொள்ளுங்கள்.

எப்போது ஊற்றுவது என்பதற்குக் கிழமைக் கணக்கு கிடையாது. விரலை ஒரு அங்குலம் உள்ளே விடுங்கள். மேல் மண் காய்ந்து, உள்ளே ஈரம் தட்டினால் கலாத்தியாவுக்கு ஊற்றும் நேரம். அக்லோனிமாவுக்கு இரண்டு அங்குலம் வரை காயலாம். சித்திரையில் இரண்டு நாளுக்கு ஒரு முறை கேட்கும் அதே தொட்டி, கார்த்திகையில் எட்டு நாள் கேட்காது. மழைக்காலத்தில் பழக்க தோஷத்தில் ஊற்றித்தான் வேர் அழுகுகிறது. ஊற்றும்போது அடித்துளை வழியாக வடியும்வரை ஊற்றி, தட்டில் நின்றதைக் கொட்டிவிடுங்கள். கோடையில் மொட்டைமாடித் தொட்டியிலிருந்து மதியம் வரும் தண்ணீர் சுடும், அதை அப்படியே ஊற்றிவிடாதீர்கள்.

மண்ணும் தொட்டியும்

தோட்டத்து மண்ணை அள்ளிப் போடுவது நம் வழக்கம். திருமங்கலம் பக்கத்துக் கரிசல் என்றால் ஈரத்தில் களியாகும், காய்ந்தால் வெடிக்கும். இந்த மெல்லிய வேர் அதில் மூச்சுத் திணறிவிடும். செம்மண் மட்டும் போட்டாலும் நாளடைவில் இறுகிவிடுகிறது.

நான் கலப்பது: தேங்காய் நார்த்தூள் இரண்டு பங்கு, மண்புழு உரம் ஒரு பங்கு, உமிக்கரி அல்லது பெர்லைட் (பொரி மாதிரி லேசான வெள்ளைக் கல்) ஒரு பங்கு. உமிக்கரி என்பது கருகிய உமி. வெள்ளையாக எரிந்த சாம்பல் அல்ல, சாம்பல் காரம். நார்த்தூள் கட்டியை ஊறவைத்து அப்படியே போடாதீர்கள். அதிலும் உப்பு உண்டு. நல்ல தண்ணீரில் ஊறவைத்துப் பிழிந்து, மூன்று முறை அலசுங்கள். முதல் அலசலில் வரும் தண்ணீர் டீ டிக்காஷன் நிறத்தில் இருக்கும். பயந்துவிட வேண்டாம். பிழிந்த பிறகு கையில் உருட்டினால் உருண்டையாக நின்று, தட்டினால் உதிர வேண்டும்.

தொட்டி விஷயத்தில் மனசு ஒன்று சொல்லும், அனுபவம் வேறு சொல்லும். கடத்துக்குப் பேர்போன மானாமதுரை பக்கத்திலேயே இருக்கிறது. அந்தச் சுட்ட மண் தொட்டியின் அழகு பிளாஸ்டிக்குக்கு வராது. ஆனால் மண் தொட்டியின் சுவர் வழியாகவும் தண்ணீர் ஆவியாகும். சித்திரையில் கலாத்தியாவுக்கு அது கட்டுப்படி ஆகாது. அதனால் கலாத்தியா, ஃபிட்டோனியாவுக்கு பிளாஸ்டிக் தொட்டி. அழகு வேண்டுமென்றால் அந்த பிளாஸ்டிக் தொட்டியை மண் தொட்டிக்குள் இறக்கி வையுங்கள். அக்லோனிமாவுக்கும், கை சும்மா இராமல் தண்ணீர் ஊற்றிக்கொண்டே இருப்பவர்களுக்கும் மண் தொட்டிதான் நல்லது. பழைய தொட்டியைவிட ஓர் அங்குலம், மிஞ்சினால் இரண்டு அங்குலம் பெரிதாக எடுத்தால் போதும். மாற்றும் மாதம் ஆவணி அல்லது தை.

ஈரக்காற்று

தெளிப்பான் பாட்டிலை வைத்துக்கொண்டு ஒரு நாளைக்கு ஆறு முறை இலைமேல் தண்ணீர் அடித்தவள் நான். ஈரப்பதமானியைப் பக்கத்தில் வைத்து அடித்துப் பார்த்த அன்றைக்கு அதை விட்டேன். எண் ஏறியது, கால் மணி நேரத்தில் பழைய இடத்துக்கே வந்துவிட்டது. போர் தண்ணீரை அடித்தால் இலை மேல் வெள்ளைப் புள்ளி வேறு.

பலன் தருவது கூட்டம். ஆறேழு தொட்டிகளை நெருக்கமாக வைத்தால் ஒன்று விடும் ஈரம் மற்றதற்கு ஆகும். அகலமான தட்டில் பொடி ஜல்லி பரப்பி, ஜல்லி மூழ்காத அளவு தண்ணீர் விட்டு, அதன்மேல் தொட்டிகளை வையுங்கள். தொட்டியின் அடி தண்ணீரில் படக்கூடாது. வாரம் ஒரு முறை தட்டைக் கவிழ்த்துக் கழுவாவிட்டால் கொசு வளர்க்கிறீர்கள் என்று அர்த்தம். குடிதண்ணீர் மண்பானை வைக்கும் மூலை, ஜன்னல் உள்ள குளியலறை, ஏர் கூலர் ஓடும் அறை இதெல்லாம் நல்ல இடங்கள். கூலர் காற்று நேராக மட்டும் அடிக்கக்கூடாது. ஏசி அறை குளுமையாக இருந்தாலும் ஈரத்தை உறிஞ்சிவிடும். நர்சரித் தம்பி சொன்ன "ஏசி செடி" பாதிதான் உண்மை.

அம்மியைப் பறக்கவைக்கும் ஆடிக்காற்றுதான் நம்மூரில் கடைசிச் சோதனை. கத்திரி வெயிலைத் தாண்டிய செடியைக்கூட இந்த வறண்ட மேல்காற்று சாய்த்துவிடும். ஆனி பிறந்ததும் மேற்கு ஜன்னலுக்கும் செடிக்கும் நடுவில் ஏதாவது மறைப்பு வையுங்கள். சீலிங் ஃபேனுக்கு நேர் கீழே வைக்காதீர்கள். ஃபிட்டோனியா மாதிரி பொடிசுகளை ஒரு பழைய கண்ணாடி மீன்தொட்டிக்குள் வைத்து முக்கால்வாசி மூடிவிட்டால் ஆடி முழுக்கக் கவலையில்லை.

பூச்சியும் உரமும்

வறண்ட மாதங்களில் வருவது சிவப்புச் சிலந்திப்பேன். கண்ணுக்குச் சட்டென்று படாது. இலை மேல் ஊசியால் குத்தின மாதிரி வெளிறிய புள்ளிகள் தெரிந்தால், ஈரமான வெள்ளைத் துணியால் இலையின் அடிப்பக்கம் துடையுங்கள். செங்கல் நிறத் தீற்றல் வந்தால் அதுதான். உடனே குளியலறைக்குத் தூக்கிப்போய், இலையின் அடியில் படும்படி ஷவரில் கழுவுங்கள். அப்புறம் ஒரு லிட்டர் தண்ணீருக்கு 5 மில்லி வேப்பெண்ணெய், கரைவதற்குச் சில சொட்டு சோப்புக் கரைசல் சேர்த்து நன்றாகக் குலுக்கி, சாயங்காலம் அடியுங்கள். முதலில் ஒரே ஒரு இலையில் அடித்து மறுநாள் பார்த்துவிட்டு மற்றதில் அடிப்பது நல்லது. இந்த வெக்கையில் முட்டை வளர்ந்து பேன் ஆக ஒரு வாரம் போதும், அதனால் ஐந்து நாளுக்கு ஒரு முறை மூன்று தடவையாவது அடிக்க வேண்டும். ஒரு தடவையோடு விட்டால் விட்ட இடத்திலிருந்து தொடங்கிவிடும்.

காம்பு இடுக்கில் வெள்ளைப் பஞ்சு இருந்தால் மாவுப்பூச்சி. ஸ்பிரிட்டில் நனைத்த காது குச்சியால் ஒவ்வொன்றாகத் தொட்டு எடுங்கள். எறும்பு ஊர்ந்தால் முதலில் எறும்பை ஒழியுங்கள், அதுதான் மாவுப்பூச்சியைத் தூக்கிச் சுமந்து பரப்புகிறது.

உரத்தைக் குறைத்தே போடுங்கள். தழை, மணி, சாம்பல் சத்து மூன்றும் சமமாக உள்ள 19:19:19 உரத்தை லிட்டருக்கு அரை கிராம் கரைத்து, மூன்று வாரத்துக்கு ஒரு தரம், ஆவணியிலிருந்து மாசி வரை. கோடையில் உரம் கொடுக்கச் சொல்லும் குறிப்புகள் குளிர்நாட்டுக்கு எழுதியவை. அவர்கள் செடி குளிரில் தூங்குகிறது. நம் செடிக்குச் சித்திரை, வைகாசி, ஆனிதான் ஓய்வு. அந்த மூன்று மாதம் தண்ணீரும் நிழலும் கொடுத்துவிட்டுச் சும்மா இருங்கள்.

இலை சொல்வது

சாயங்காலம் ஆறு மணிக்கு மேல் கலாத்தியா, மராந்தா இலைகள் மேல்நோக்கி எழுந்து கைகூப்பும். நம் ரோட்டோரத் தூங்குமூஞ்சி மரம் மாதிரிதான். இலையும் காம்பும் சேருமிடத்தைப் பாருங்கள், முழங்கை மாதிரி லேசாகத் தடித்த ஒரு மூட்டு இருக்கும். அதில் ஒரு பக்கத்து செல்களுக்குத் தண்ணீர் ஏறி மறுபக்கம் இறங்கும்போது இலை எழுகிறது. தினமும் இப்படி எழுந்து படுத்தால் செடி சுகம். பகலிலும் இலை சுருட்டு மாதிரி சுருண்டிருந்தால் தாகம், அல்லது காற்று ரொம்ப வறண்டிருக்கிறது. மண் ஈரமாக இருந்தும் இலை துவண்டு மஞ்சளானால் வேர் அழுகல். உடனே வெளியே எடுத்து, கறுத்துக் கொழகொழத்த வேரை வெட்டிவிட்டுப் புதுக் கலவையில் வையுங்கள்.

கலாடியம் தை மாதவாக்கில் இலையெல்லாம் சாய்ந்து மறைந்துவிடும். சாகவில்லை, கிழங்கு தூங்குகிறது. தண்ணீரை நிறுத்தி, தொட்டியோடு ஒரு மூலையில் வைத்துவிடுங்கள். எங்கள் வீட்டில் கோடை மழை விழுந்ததும் எழுந்துவிட்டது.

கலாத்தியாவும் எல்லா இலையும் கருகினால் உடனே குப்பைக்குப் போட வேண்டியதில்லை. முதல் செடியை நான் அப்படித்தான் போட்டேன். இரண்டாவது ஒன்று அதே மாதிரி மொட்டையானபோது மண்ணை லேசாகக் கிளறிப் பார்த்தேன். மண்ணுக்கடியில் உள்ள தண்டு இஞ்சித் துண்டு மாதிரி கெட்டியாக இருந்தது. காம்புகளை வெட்டிவிட்டு, ஏசித் தண்ணீரில் மண்ணை ஒரு முறை நன்றாக அலசி வடியவிட்டு, மேலே ஒரு கண்ணாடி ஜாடியைக் கவிழ்த்துத் துணி துவைக்கும் கல்லுக்குப் பின்னால் நிழலில் வைத்தேன். மண் காயாமல் மட்டும் பார்த்துக்கொண்டேன். புரட்டாசி கடைசியில் பென்சில் கனத்துக்கு ஒரு குருத்து வந்தது. குருத்து தானாக விரிய ஐந்தாறு நாள் எடுக்கும். விரலால் பிரித்துவிடாதீர்கள். என் மகள் மூன்றாம் நாளே பிரித்துப் பார்த்தாள். பாதியில் கிழிந்த அந்த இலை, பாதிக் கோலத்தோடு இன்னும் நிற்கிறது.